கூடுதல் காற்று

எங்கள் அப்பாவுக்குக் காற்றிலும் லாபம் பார்க்கத் தெரியும். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காசு கொடுக்காமல் கிடைக்கிற சரக்கு என்பதால் அதில் யாரும் தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு தனிக் கவனம் இருந்தது. அந்தக் கவனத்தில் போனது என்னுடைய டாக்டர் படிப்பு. எத்தனையோ வருஷம் ஆகியும் எனக்கு மனசு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் பெரிதாக முயற்சி செய்ததும் இல்லை.

விருதுநகரில் எங்களுக்கு வத்தல் கமிஷன் கடை. சுற்றுவட்டாரத்துக் கரிசல் காட்டிலிருந்து மிளகாய் வத்தல் மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து இறங்கும். கடையில் இரண்டு தராசு தொங்கும். ஒன்று வாங்குவதற்கு, இன்னொன்று விற்பதற்கு. பார்ப்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கடையாட்கள் ஒருநாளும் மாற்றிப் பிடிக்க மாட்டார்கள். வாங்குகிற தராசில் மூட்டை எப்போதும் கொஞ்சம் இளைத்துக் காட்டும். விற்கிற தராசில் அதே மூட்டை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தது போல் கனக்கும். இதைத் திருட்டு என்று அப்பா நினைத்ததே இல்லை. ஏவாரம் என்று நினைத்தார். வத்தல் விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரிகளும் அப்படியே நினைத்தார்கள் என்று அவர் நம்பினார். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்து, அவரிடமிருந்து இன்னொருவர் கைக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வந்த கறுப்புக் கார். அதுவரை நான் மதுரையில் பெண்கள் விடுதியில் தங்கி பி.யூ.சி. படித்துக்கொண்டு, லீவுக்கு ரயிலில் வந்து ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. கார் வந்த மறுநாளிலிருந்து ரயில் கேவலமாகிவிட்டது. பஸ் அதைவிடக் கேவலமாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்றால்கூட அம்மாவைக் காரில் ஏற்றி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்லை எதற்குத்தான் கேட்டார்கள், இதற்குக் கேட்க.

காருக்கு ஒரு டிரைவர் அமைந்தார். முன்னால் லாரி ஓட்டியவர். காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டால் குதிகாலால் டயரை ஓங்கி ஒரு உதை விடுவார். பிறகு தலையைச் சாய்த்து, தவில்காரர் சுருதி பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். என்ன கண்டுபிடித்தார் என்பது அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியும். அப்பா குறைவு என்று நினைத்தால் குறைவு. போதும் என்று நினைத்தால் போதும். இப்படி ஒத்துப் போகிற ஆளைத்தான் எங்கள் வீட்டில் கெட்டிக்காரர் என்பார்கள்.

கார் வந்த கொஞ்ச நாளிலேயே முன் டயர் இரண்டும் ஓரம் தேய்ந்துவிட்டன. சாத்தூரில் லாரி கம்பெனி வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் வந்து பார்த்தார். காற்று குறைவாக ஓட்டினால் ஓரம் தேயும், இந்த மாதிரிக் காருக்கு இருபத்தாறு பவுண்டு அடிக்க வேண்டும், பெட்ரோல் பங்கில் சுவரில் தொங்குகிற, காற்றை அளந்து காட்டும் கேஜை நம்ப முடியாது, சொந்தமாக ஒரு நல்ல கேஜ் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நல்ல கேஜ் என்றால் என்ன என்பதையும் அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யோக்கியமான கேஜ்தான் நல்ல கேஜ் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார் பாவம்.

கேஜ் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். லாரி கம்பெனிக்காரர் தன்னுடையதைக் கொடுத்தனுப்பினார். பேனா அளவுக்கு ஒரு குழாய். வால்வில் வைத்து அழுத்தினால் பின்பக்கமாக ஒரு வெள்ளைக் குச்சி வெளியே நீளும். அதில் பவுண்டுக் கோடு போட்டிருக்கும். இன்னொன்று சைக்கிள் கடையிலிருந்து வந்தது. அதன் முள் எங்கே வைத்தாலும் எழுந்திருக்கவில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மூன்றாவது சிவகாசியிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அங்கே பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். எதைப் பற்றிக் கேட்டாலும் அதில் ஜெர்மனியில் என்ன செய்கிறார்கள் என்று தொடங்குவார். ஜெர்மனியை அவர் தீப்பெட்டி லேபிளில்கூடப் பார்த்ததில்லை.

சித்தப்பாவின் கேஜ் வெல்வெட் வைத்த பெட்டியில் வந்தது. கடிகாரம் மாதிரி வட்ட முகம், கண்ணாடி, நீண்ட கறுப்பு முள், பித்தளைக் கூடு. கம்பெனி ஆபீசில் கந்தக வாடையிலேயே கிடந்து பித்தளை கறுத்துப் போயிருந்தது. ஜெர்மன் சரக்கு என்று பட்டுத் துணியால் அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். முகத்தில் நூற்றைம்பது பவுண்டு வரை எண் இருந்தது. கூடியிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் அடக்கமாகிவிட்டார்கள். நூற்றைம்பது வரை தெரிந்த கேஜுக்கு இருபத்தாறு தெரியாமலா போய்விடும் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை சிரித்து முடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை அடைத்த தெருவில், காரை நடுவில் நிறுத்திக் கேஜ் தேர்வு நடந்தது. சரக்கு வந்து இறங்கினால் வியாபாரிகள் எப்படிக் கூடுவார்களோ அப்படிக் கூடினார்கள். ஆளுக்கொரு தடவை டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்கள். ஒருவர் வால்வை லேசாகத் திறந்து, வந்த காற்றை முகர்ந்து பார்த்தார். வத்தல் பார்த்த மூக்கு, சும்மா இருக்காது. நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வந்திருந்த சமயம்.

காலையில்தான் பங்கில் அவர்கள் கேஜ்படி இருபத்தாறு அடித்து வந்திருந்தார்கள். குச்சி கேஜை வைத்தார்கள். இருபத்தேழு காட்டியது. மறுபடி வைத்தார்கள். மறுபடியும் இருபத்தேழு. பிறகு சித்தப்பாவின் ஜெர்மன் கேஜை வைத்தார்கள். முள் மெதுவாக எழுந்து, ரொம்ப யோசித்து, பதினெட்டில் நின்றது. இன்னொரு தடவை வைத்ததற்குப் பதினாறு. இன்னொரு தடவைக்கு இருபது.

எனக்குத் தாங்கவில்லை. இறங்கிப் போய் அப்பாவிடம் சொன்னேன். ஒரே டயரில் ஒரே காற்று, இரண்டு தடவை வைத்தால் ஒரே எண் காட்டுவதுதான் முதல் லட்சணம், குச்சி அதைச் செய்கிறது என்றேன். வால்வில் வைக்காமல் கையில் வைத்திருக்கும்போதே வட்டக் கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே சாய்ந்து கிடக்கிறது, அப்போதே அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும் என்றேன். கல்லூரியில் சுருள்வில் தராசு வைத்துச் சோதனை செய்திருந்தோம். எந்த அளவுக் கருவியும் நடுப்பகுதியில்தான் யோக்கியமாக இருக்கும், இரண்டு முனையிலும் நம்ப முடியாது, இருபத்தாறு பார்ப்பதற்கு ஐம்பது வரை போகிற கேஜ் போதும், லாரிக்குச் செய்ததைக் காருக்கு வைக்கக் கூடாது என்றேன். சந்தேகம் இருந்தால் மதுரையில் டயர் ரீட்ரெட் செய்கிற கடையில் சோதனைக்கென்றே ஒரு கேஜ் வைத்திருப்பார்கள், அதோடு ஒத்துப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னேன். இவ்வளவையும் மரியாதையாகத்தான் சொன்னேன்.

அப்பா நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். கேட்டார் என்பதைவிடக் காத்திருந்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

“இது பதினெட்டு காட்டுது. அப்ப இருவத்தாறு காட்டணும்னா இன்னும் எம்புட்டுக் காத்து போகணும்?”

“நெறையப் போகணும் அண்ணாச்சி.”

“அதான் கேக்கேன். எதுல கூடக் கெடைக்கும்? இதுலதான கூடக் கெடைக்கும்?”

அவ்வளவுதான். தெருவில் இருந்த அத்தனை வியாபாரிகளுக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. வாங்குகிற தராசு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது சித்தப்பாவின் கேஜ். உள்ளதைக் குறைத்துக் காட்டியது. காட்ட வேண்டிய எண் வருவதற்குள் எதிராளி இன்னும் கொஞ்சம் போட்டாக வேண்டும். குச்சி கேஜோ உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது, அது விற்கிறவன் பக்கத்து ஆள். லாரி கம்பெனிக்காரர் அதை வைத்து இத்தனை நாள் எப்படிப் பிழைத்தார் என்று அவருக்காக இரக்கப்பட்டார்கள். பல தலைமுறையாகச் சரக்கை எடைபோட்டவர்கள் அவர்கள். ஒரு கருவி ஒரு பக்கமும் சாயாமல் இருக்கக்கூடும் என்பது அந்தத் தலைகளில் ஏறவே இல்லை. அது யாருக்கு லாபமாகச் சாய்கிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குக் கேள்வி.

காற்று சும்மா கிடைப்பது, அதில் கூடுதல் குறைவு பார்த்து என்ன ஆகப் போகிறது என்று நான் கேட்டேன். அப்பா எனக்காகப் பொறுமையாக விளக்கினார். “சும்மா கெடைக்கதுன்னா கூடக் கொஞ்சம் வாங்குறதுல என்ன கஷ்டம் தாயி?”

அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு பங்குக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். இத்தனை நாளும் எட்டு பவுண்டு குறைத்து அடித்து ஏமாற்றியிருக்கிறாய் என்று அப்பா சொல்ல, சித்தப்பா வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினாராம். பங்குக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று பெருமையாக வந்து சொன்னார்கள். கேட்டதை அடித்துவிட்டு, கூட நாலு பவுண்டு வேண்டுமா என்றும் கேட்டாராம். அவர் எப்படிப்பட்ட முகத்தோடு கேட்டிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தை நானே வீட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கார் ஓடவில்லை, துள்ளியது. சின்னக் கல் மேல் ஏறினாலும் பின் சீட்டில் இருப்பவர் தலை கூரையில் இடிக்கும். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டே பயணம் செய்யப் பழகிவிட்டாள். கன்றுக்குட்டி மாதிரிப் போகிறது பார் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவோ கோவிலுக்குப் போகிற நாளெல்லாம் வேண்டாத தலைவலி வருகிறது என்றாள். முன்பு ஓரம் தேய்ந்த டயர் இப்போது நடுவில் தேய ஆரம்பித்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, தேய்மானம் நடுநிலைக்கு வந்திருக்கிறது, நல்ல அடையாளம் என்று சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு அந்தக் கார்டு வந்தது. டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டிருந்தேன். மதுரையில் இன்ன நாள் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வுக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் உறவில் அதுவரை ஒரு பெண்ணும் அந்த வாசலை மிதித்ததில்லை. மார்க் நன்றாக இருந்தது. நேரத்துக்குப் போய்க் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்று என் பேராசிரியை சொல்லியிருந்தார். நான் ராத்திரியெல்லாம் அந்தக் கார்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். வேறு எதையும் நான் அப்படி விரும்பியதில்லை, அதற்கு முன்னாலும் பின்னாலும்.

முதல் நாளே ரயிலில் போய் விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்றேன். வாசலில் கார் நிற்கும்போது ரயிலா என்றார்கள். சரி, காலையில் நேராக மதுரைக்குப் போவோம் என்றேன். அதுவும் முடியாதாம். சித்தப்பாவுக்கு அங்கே யாரோ ஒரு பெரிய ஆளைத் தெரியுமாம். சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனால்தான் காரியம் நடக்குமாம். ஆகவே வடக்கே போக வேண்டிய நாங்கள் விடிந்ததும் தெற்கே சிவகாசிக்குப் போனோம்.

சித்தப்பா தயாராக இல்லை. சீசன் தொடங்கிவிட்டது, வடக்கே போகிற ஒரு லோடு ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறி முடியும்வரை நாங்கள் கம்பெனி வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் வந்தார், வெறுங்கையோடு வரவில்லை. பெரிய ஆளுக்கும் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கொடுக்க வெடிப் பெட்டிகள் கொண்டுவந்தார். டிக்கியில் இடம் போதவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு ஸ்டெப்னியை எடுத்துக் கம்பெனியில் வைக்கச் சொன்னார். நாலு சக்கரத்திலும் இவ்வளவு காற்று இருக்கும்போது ஐந்தாவது எதற்கு என்று கேட்டார். அப்பா சிரித்தார். டிரைவரும் சிரித்தார். நான் வாய்விட்டே வேண்டாம் என்றேன், அது யார் காதிலும் விழவில்லை.

ஆனி வெயில் ஏறிவிட்டது. விருதுநகரைத் தாண்டி, கள்ளிக்குடிக்கு முன்னால், இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல். தார் ரோடு பளபளவென்று கிடந்தது. சித்தப்பா முன் சீட்டில் இருந்தபடி ஜெர்மன் டாக்டர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பின்னால் டமார் என்று சத்தம் வந்தது.

கார் ஒரு பக்கமாக இழுத்து, தடதடவென்று ஓடி, ரோட்டோரத்தில் நின்றது. நிற்கும் முன்பே முன் கதவு திறந்துவிட்டது. சித்தப்பா குதித்துக் காட்டுக்குள் ஓடினார். “ஓடுங்க, திரும்பிப் பாக்காதீக” என்று கத்திக்கொண்டே ஓடினார். டிரைவர் அவருக்குப் பின்னால். அப்பா செருப்பை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால். டிக்கியில் இருந்த வெடி வெடித்துவிட்டது என்று மூவருமே முடிவு கட்டிவிட்டார்கள். பின் சீட்டில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் என்பது கொஞ்ச தூரம் ஓடிய பிறகு அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. அங்கிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

நான் இறங்கிப் பார்த்தேன். இடது பின் சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. டயர் வாய் பிளந்து கிழிந்து கிடந்தது. புகை இல்லை, நெருப்பு இல்லை. வெடித்தது டயர்தான், வாருங்கள் என்று கத்திச் சொன்னேன். வரவில்லை. சிவகாசியில் ஒரு பழக்கம் உண்டு. ஷெட்டில் ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் ஓடிவிட வேண்டும். நன்றாக ஆறிவிட்டது என்று தெரிகிறவரை யாரும் கிட்டே வரக் கூடாது. “கிட்டப் போகாத தாயி, உள்ள கங்கு இருக்கும், ஆறட்டும்” என்று சித்தப்பா தூரத்திலிருந்து சொன்னார். அந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அந்த ஊரில் அந்தப் பழக்கத்தால் பிழைத்தவர்கள் உண்டு, ஓட வழி இல்லாமல் போனவர்களும் உண்டு. நான் சொல்வது, வெடியைச் செய்து விற்கிறவரே அதை என் முதுகுக்குப் பின்னால் ஏற்றிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்து வந்ததைப் பற்றி.

ஆக, ஒரு பஞ்சரான காரைப் பார்த்துக்கொண்டு மூன்று ஆண்பிள்ளைகள் உழுத காட்டில் வெயிலில் நின்றார்கள். நான் போய் அந்தச் சக்கரத்தை டிரைவர் மாதிரியே குதிகாலால் உதைத்துக் காட்டினேன். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒருவர் பின்னால் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். டிரைவர் ஜாக்கியை எடுத்தார். எடுத்த பிறகுதான் ஸ்டெப்னி சிவகாசியில் இருப்பது மூவருக்கும் நினைவு வந்தது.

அப்போது மதுரை பஸ் வந்தது. நான் கேட்காமலே நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, ஏறுகிறீர்களா என்று கேட்டார். உள்ளே பெண்கள் பக்கம் ஒரு இடம் காலியாக இருப்பது எனக்குத் தெரிந்தது. இன்னும் நேரம் இருந்தது. பஸ்ஸில் போயிருந்தால் பத்து மணிக்குள் இறங்கியிருக்கலாம். நான் படியில் கால் வைத்துவிட்டேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் தாயி. காரை நடுரோட்டுல போட்டுட்டுப் பஸ்ல ஏறிப் போனாகன்னு நாளைக்கு ஊருல பேசுவாக.”

நேரமாகிவிடும் என்றேன். பத்து மணி என்று கார்டில் போட்டிருக்கிறது என்றேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். பெரிய ஆள் அங்கே இருக்கும்போது பத்து மணியாவது பதினொன்றாவது என்றார் சித்தப்பா. பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளையை அங்கே எவன் மதிப்பான் என்றும் கேட்டார். கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், விசில் கொடுத்துவிட்டார். பஸ் போய்விட்டது. அப்பா என் கையை அதற்குப் பிறகுதான் விட்டார்.

டிரைவர் சக்கரத்தைக் கழற்றி, வந்த லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போனார். ஒரு பழைய டயரை மாட்டிக்கொண்டு அவர் திரும்பி வருவதற்குள் நிழலே காலடிக்குள் போய்விட்டது. நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். வேர்வையில் புடவை கசங்கி, கையில் கார்டு நனைந்துபோனது. டயர் கடைக்காரர் என்ன சொன்னார் என்று அப்பா விசாரித்தார். டிரைவர் தயங்கினார். “காத்து ரொம்பக் கூட இருந்துச்சாம் மொதலாளி. இருவத்தாறு இல்ல, நாப்பதுக்குக் கொறையாம இருந்திருக்குமாம். வெயிலுக்கும் லோடுக்கும் தாங்காம வெடிச்சிருச்சுன்னு சொன்னாக.”

அப்பாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அது மலர்ந்தது. தம்பி பக்கம் திரும்பி, பாத்தியா, நாப்பது, நான் சொன்னேம்லா கூடக் கெடைக்கும்னு என்றார். சித்தப்பா தன் கேஜுக்கு அந்தக் கடைக்காரர் வாயாலேயே சாட்சி வந்துவிட்டதில் ரொம்பப் பெருமைப்பட்டார்.

மதுரையில் போய் இறங்கியபோது அந்தக் கட்டடத்தின் வராந்தாவில் ஆள் இல்லை. பெஞ்சுகளை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஜையில் உட்கார்ந்திருந்தவர் கார்டை வாங்கிப் பார்த்தார். பேரை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது, தேர்வு செய்ய வந்திருந்தவர்கள் பெரியவர்கள், சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். சித்தப்பா அந்தப் பெரிய ஆளின் பேரைச் சொன்னார். அப்படி ஒருவர் அங்கே இருந்து மாற்றலாகிப் போய் வெகுநாள் ஆகிறது என்று தெரிந்தது. அதற்கும் அசராமல் ஒரு வெடிப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். மேஜைக்காரர் பெட்டியை வாங்கிக் கீழே வைத்துக்கொண்டார். கார்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்ததும் அப்பா சொன்னார். அடுத்த வருஷம் எனக்கு வரவில்லை. தை பிறந்ததும் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலும் ஒரு கார் இருந்தது, அதுதான் பொருத்தம்.

எங்கள் உறவில் இதைச் சொல்லும்போது, அவளுக்கு டாக்டர் படிப்புக்குக் கொடுப்பினை இல்லை என்று சொல்வார்கள். வேறு சிலர், பெண் பிள்ளை படிக்கக் கூடாது என்று அப்பாவே தட்டிவிட்டார் என்பார்கள். இரண்டும் பொய். அப்பா என்னைத் தடுக்க நினைக்கவே இல்லை. தடுக்க நினைத்திருந்தால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். நான் படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அதற்காக ஒரு தந்திரம் செய்தார் என்றால் என்னை அவர் ஒரு ஆளாகவாவது மதித்தார் என்று ஆகும். அப்படி எதுவும் இல்லை. அவர் என்னை ஆசையாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். வழியில் இனாமாகக் கொஞ்சம் காற்று கிடைத்தது, அதை விட மனமில்லை, அவ்வளவுதான் விஷயம். இதற்கு என்னால் அழக்கூட முடியவில்லை. அசிங்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது சித்தப்பா பின் சீட்டில் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தார். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் பங்கில் காரை நிறுத்தச் சொன்னார் அப்பா. திருமங்கலத்தில் மாட்டிய டயரில் அந்தக் கடைக்காரர் என்ன அடித்தாரோ, எப்படி அடித்தாரோ என்று அவருக்குச் சந்தேகம். கேஜை எடுத்துக்கொண்டு தானே இறங்கினார். பங்குக்காரர் ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார். கொஞ்சம் அடிக்க, அப்பா குனிந்து கேஜை வைத்துப் பார்க்க, போதாது என்று சொல்ல, மறுபடி அடிக்க, இப்படி நடந்துகொண்டிருந்தது. சக்கரம் நான் உட்கார்ந்திருந்த பக்கம். அவருடைய நரைத்த உச்சந்தலை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

பஸ் போனதிலிருந்து நான் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்திருந்தேன். இனி பேசாமலே இருந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னேன். “அப்பா, எனக்கு எல்லாம் போச்சுப்பா. ஒங்களுக்குத் தெரியுதா?”

அவர் நிமிரவில்லை. கேஜை வால்வில் அழுத்திப் பிடித்திருந்தார்.

“இரு தாயி,” என்றார். “முள்ளு ஏறுது.”